கர்ப்ப காலத்தில் ரத்தம் குறையாமல் இருக்க என்ன குடிக்கலாம், எப்போது குடிக்கலாம்: முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், மதுரைப் பக்கம் எல்லா வீட்டிலும் பீட்ரூட்டும் மாதுளையும் பேரீச்சம்பழமும் வந்து இறங்கிவிடும். மாமியார் ஒன்று வாங்கி வருவார், அம்மா ஒன்று கொடுத்தனுப்புவார், பக்கத்து வீட்டு அக்கா ஒன்று சொல்லிவிட்டுப் போவார். எல்லாமே அக்கறைதான். ஆனாலும் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் (ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும், இரும்பு கலந்த பொருள்) ஒன்பதரை, பத்து என்று நிற்கிறது. "இவ்வளவு குடிச்சும் ஏன் ஏறல?" என்று வீடே குழம்புகிறது.

காரணம் பெரும்பாலும் இரண்டு. குடித்த பானத்தில் இரும்புச்சத்து நாம் நினைத்த அளவு இல்லை. அல்லது இருந்த சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள முடியாத நேரத்தில் குடித்திருக்கிறோம். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால், நம் ஊரில் கைக்கெட்டும் விலையில் கிடைக்கும் கம்பும் முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் நிறையவே உதவும்.

முதலில் உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

கர்ப்பிணிக்கு நூறு மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே தீவிரம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு இது; 2024-இல் நடு மூன்று மாதத்துக்கு மட்டும் 11 என்ற எல்லையை 10.5 ஆக்கியது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கும் மேல் ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய பாதிப் பேர். ஆகவே இது யாரோ ஒருவருக்கு வரும் நோய் என்று நினைத்து ஒதுங்க முடியாது.

கர்ப்பத்தில் ரத்தம் குறைவது ஏன்? ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்த அளவு கூடுவதில்லை. அதனால் ஓரளவு நீர்த்துப் போவது இயற்கை. அதோடு குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும், தாயின் உடம்பில் புதிதாக ஊறும் ரத்தத்துக்கும் சேர்த்து, பத்து மாதத்தில் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். கையிருப்பில் இரும்பு இல்லாமல் கர்ப்பத்துக்குள் நுழையும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு எளிதில் கட்டுப்படியாகாது.

சிலருக்கு எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், படபடக்கும், கண்ணின் உள்ளிமை வெளுத்திருக்கும். இன்னொன்றும் உண்டு, வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள்: திருநீறு, சாம்பல், செங்கல் துண்டு, பச்சரிசி, ஐஸ்கட்டி என்று தின்னத் தோன்றும். இதை மசக்கை என்று விட்டுவிடாதீர்கள். இரும்புக் குறைவோடு அடிக்கடி சேர்ந்து வரும் அறிகுறி இது. மண்ணும் சாம்பலும் தின்றால், சாப்பாட்டில் இருக்கும் இரும்பும் உடம்பில் சேராமல் போகும். நர்ஸம்மாவிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

மாத்திரைதான் சாப்பாடு, பானம் அதற்குத் துணை

இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுவதுதான் நியாயம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் இரும்பு தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. ஒரு பெரிய டம்ளர் கம்பங்கூழில் மூன்று மில்லிகிராம் கிடைத்தால் அது நல்ல பானம். அந்த மூன்றிலும் உடம்பில் சேர்வது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று, குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். ரத்தம் ஏற்கெனவே குறைந்திருந்தால் அளவை மருத்துவர் கூட்டிக் கொடுப்பார்.

"இயற்கையாகவே ஏற்றிக்கொள்கிறேன், மாத்திரை வேண்டாம்" என்று முடிவெடுப்பவர்களை மாற்றத்தான் இந்தப் பகுதியை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டு ஜூஸ் குடித்தால் ஒன்பதாம் மாதத்தில் ரத்தம் ஏற்றும் நிலைக்குப் போக நேரிடும். மாத்திரையும் சரியான பானமும் சேர்ந்தால் நிச்சயம் பலன் தெரியும்.

மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயப்படத் தேவையில்லை. குமட்டினாலோ மலச்சிக்கல் வந்தாலோ குப்பைத்தொட்டியில் போடாமல், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள். தண்ணீரும் கீரையும் கொய்யாவும் கூடுதலாகச் சேருங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்.

டீ டம்ளரை நகர்த்துங்கள்

எந்தப் புதிய பானத்தையும் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். பரிசோதனைக்குப் போகும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு:

"மாத்திரைய எப்பம்மா போடுறீங்க?"

"காலைல டீயோட போட்டுருவேன் சிஸ்டர், இல்லைன்னா மறந்துருது."

இந்த ஒரு பழக்கமே மாதக்கணக்கில் போட்ட மாத்திரையைப் பாழாக்கிவிடும். டீயில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு டீ குடித்தால், அந்தச் சாப்பாட்டிலிருந்து சேர வேண்டிய இரும்பு பாதிக்கும் கீழே குறைந்துவிடும். காபியும் குறைக்கும், டீ அளவுக்கு இல்லை. மதுரையில் டீ இல்லாமல் பொழுது விடியாது என்பது எனக்குத் தெரியும். டீயை அறவே விடச் சொல்லவில்லை. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளி, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாலும் அப்படித்தான். பால் நல்லது, ஆனால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து இரும்புக்குக் குறுக்கே நிற்கும். இரும்பு மாத்திரையைப் பாலில் விழுங்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்குத் தரும் கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாகப் போடாமல் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியத்தைக் காலை, மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டு இரும்பை இரவுக்கு ஒதுக்கினால் குழப்பம் இல்லை.

மாத்திரைக்குத் துணை: நெல்லிக்காய்ச் சாறு

பட்டியலில் ஒரே ஒரு பானத்தை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். நெல்லிக்காயில் இரும்பு அதிகம் இல்லை. அதிலுள்ள வைட்டமின் சி தான் விஷயம். மாத்திரையிலும் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது அதுதான். ஒரு பெரிய நெல்லிக்காயே ஒரு நாளுக்கான வைட்டமின் சி தேவையை ஏறக்குறைய நிறைவு செய்துவிடும்.

பெரிய நெல்லிக்காய் ஒன்று அல்லது இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தழும்பு இல்லாமல், வெளிர் பச்சையில் லேசாக ஒளி ஊடுருவுவது போல இருக்கும் காய் நல்ல சாறு விடும். கொட்டையைச் சுற்றிக் கோடு கோடாகத் தெரியும் இடத்தில் கத்தியை வைத்து அழுத்தினால் சுளை சுளையாகப் பிரியும். சிறு துண்டு இஞ்சி, நாலு கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை உப்பு, முக்கால் டம்ளர் காய்ச்சி ஆறிய தண்ணீர் சேர்த்து மிக்ஸியில் அரைத்து வடிகட்டுங்கள். சர்க்கரை வேண்டாம். முதல் மடக்கில் துவர்ப்பாக இருக்கும், பிறகு தண்ணீர் குடித்தால் தொண்டை இனிக்கும்.

அரைத்த உடனே குடித்துவிடுங்கள். காலையில் அரைத்து ஃபிரிட்ஜில் வைத்து இரவு குடித்தால் சத்து குறைந்துபோகும். கொதிக்கவைக்கவும் கூடாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்காமல் சாப்பாட்டோடு குடிக்கலாம்.

நெல்லிக்காய் கிடைக்காத மாதங்களில் எலுமிச்சை இருக்கிறது. ஒரு பழத்தைப் பிழிந்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்தால் போதும். கொய்யாவும் தாராளமாக வரும். பழனி பக்கம் ஆயக்குடியிலிருந்து வரும் கொய்யா மதுரைச் சந்தைகளில் மலிவாகவே கிடைக்கும். நூறு கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. நன்கு கழுவி, அரைத்து விதை போக வடித்துக் குடிக்கலாம். மென்றே தின்றால் நார்ச்சத்தும் கிடைத்து மாத்திரையால் வரும் மலச்சிக்கலும் குறையும் என்பதால், கொய்யாவை ஜூஸாக்குவதில் எனக்கு அவ்வளவு விருப்பம் இல்லை.

காலையில் கம்பு

கேப்பையில் (கேழ்வரகில்) இரும்பு அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். கேப்பையின் உண்மையான பெருமை சுண்ணாம்புச் சத்தில் இருக்கிறது: நூறு கிராமுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல். இரும்பு நாலரை மில்லிகிராம் அளவுதான். கம்பில் நூறு கிராமுக்கு ஆறு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு, சுண்ணாம்புச் சத்தோ மிகக் குறைவு. எனவே ரத்தத்துக்கு என்று குடிப்பதானால் கம்பு முன்னே நிற்க வேண்டும். கேப்பை எலும்புக்கு நல்லது, அதை இரும்பு மாத்திரை போடாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. தானியத்தின் தோலில் உள்ள பைட்டிக் அமிலம் இரும்பைக் கட்டிப்போடும். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது ஆகிய மூன்றும் அந்தக் கட்டை அவிழ்க்கும் வேலைகள். நம் பாட்டிமார் கூழைப் புளிக்கவைத்ததில் ருசியோடு இந்தப் பயனும் சேர்ந்தே இருந்தது.

செய்முறை இப்படி. கம்பைக் கல் நீக்கிக் கழுவி, எட்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, ஈரத்துணியில் இறுகக் கட்டித் தொங்கவிடுங்கள். மதுரை வெயிலுக்கு ஒரே நாளில் முளை எட்டிப் பார்த்துவிடும். துணி காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். முளைத்ததை நிழலில் நன்றாக உலர்த்தி, லேசாக வறுத்து மாவாக அரைத்து டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். முளைகட்ட நேரமில்லையா? ஊறவைத்து உலர்த்தி அரைத்த மாவும் பரவாயில்லை.

இரவில் மூன்று மேசைக்கரண்டி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள். காலையில் லேசான புளிப்பு வாடை வரும். அதோடு இன்னும் இரண்டு டம்ளர் தண்ணீர் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறிப் பத்து நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். பொங்கி அடங்கிப் பளபளவென்று வந்தால் வெந்துவிட்டது. ஆறியதும் உப்பு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குடியுங்கள். மோர் விட்டுக் குடித்தே பழகியவர்கள் ஒரு கரண்டி விட்டுக்கொள்ளலாம். அந்த அளவுக்குச் சத்தெல்லாம் வீணாகிவிடாது. டம்ளர் நிறையத் தயிரில் கூழைக் கரைப்பதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

மாவைப் புளிக்கவைத்துவிட்டுக் காலையில் காய்ச்சச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரவே காய்ச்சி, தண்ணீர் ஊற்றி வெளியே வைத்து மறுநாள் குடிப்பதுதான் பழைய முறை. கோடையில், அதுவும் கர்ப்பிணிக்கு, அப்படிச் செய்ய நான் துணிய மாட்டேன். இப்படிச் செய்தால் புளிப்பும் கிடைக்கிறது, கிருமிப் பயமும் இல்லை. ரோட்டோரத் தள்ளுவண்டிக் கூழுக்கும் அதே காரணத்துக்காக இந்தப் பத்து மாதம் லீவு விடுங்கள்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வீட்டிலுள்ள எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது பல ஊர்களில் நடக்கிறது. அது கர்ப்பிணிக்காக வந்தது. அதையும் இதே போலக் காய்ச்சிக் குடிக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் முருங்கைக்கீரை சூப்

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் கொல்லையில் ஒரு முருங்கை நிற்கும். டவுனில் இருப்பவர்களுக்கு உழவர் சந்தை இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999 நவம்பரில் மதுரை அண்ணாநகரில் திறந்ததுதான். காலையில் சீக்கிரம் போனால் கீரை வாடாமல் கிடைக்கும்.

கீரை ஆயச் சோம்பலாக இருந்தால் முந்தின இரவே கொத்தை ஒரு துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலைகள் தானே உதிர்ந்திருக்கும், காம்பு மட்டும் கையில் நிற்கும்.

இரண்டு கைப்பிடி இலையை நன்றாக அலசி எடுங்கள். சட்டியில் கால் ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, தட்டிய சின்ன வெங்காயம் ஐந்து, பூண்டு மூன்று பல், ஒரு தக்காளி போட்டு வதக்குங்கள். கீரையைச் சேர்த்து, வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். மிளகு, சீரகம் பொடித்துத் தூவி, உப்புப் போட்டு இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகுதான் எலுமிச்சை பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் அழிந்துவிடும்.

கீரையை வடிகட்டித் தண்ணீரை மட்டும் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். இரும்பில் பெரும்பகுதி இலையிலேயே தங்கிவிடும். ஆகவே இலையோடு குடியுங்கள், அல்லது வெந்த கீரையை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக் குடியுங்கள். நூறு கிராம் கீரையில் நாலு, ஐந்து மில்லிகிராம் இரும்பு உண்டு. கூடவே குழந்தையின் நரம்பு மண்டல வளர்ச்சிக்கு வேண்டிய ஃபோலேட்டும் உண்டு. தண்டுக்கீரை, அரைக்கீரையையும் இதே முறையில் சூப் வைக்கலாம்.

சட்டி பற்றியும் ஒரு வார்த்தை. பரணில் கிடக்கும் இரும்புச் சட்டியை இறக்கித் துடைத்து, தக்காளி, புளி சேர்ந்த சமையலை அதில் செய்யுங்கள். புளிப்போடு சேர்ந்து சட்டியிலிருந்து கொஞ்சம் இரும்பு உணவில் இறங்கும். சமைத்ததை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்து, வாய்க்கு விளங்காது.

சாயங்காலம் நாலு மணி

டீக்கு மனம் ஏங்கும் நேரம். இங்கேதான் மாற்று பானம் கையில் இருக்க வேண்டும்.

ஒன்று, கொள்ளு ரசம். கொள்ளில் நூறு கிராமுக்கு எட்டு மில்லிகிராமுக்கும் மேல் இரும்பு. இரவே ஊறவைத்துக் குக்கரில் குழைய வேகவைத்து, அந்தப் பருப்பையும் மசித்துச் சேர்த்து ரசம் வையுங்கள். கொள்ளு வெந்த தண்ணீரை மட்டும் இறுத்தால் சத்து சட்டியிலேயே நின்றுவிடும். கொள்ளு சூடு என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் அவர்களோடு வாதாட வேண்டாம். கறுப்புக் கொண்டைக்கடலையை அதே போல ஊறவைத்து வேகவைத்து அரைத்துச் சூப்பாக்குங்கள், அதுவும் நல்லது.

இன்னொன்று, பானகம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது வழிநெடுகப் பந்தல் போட்டு ஊற்றுவார்களே, அதே பானகம்தான். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, எலுமிச்சைச் சாறு, சுக்கு, ஏலக்காய் தட்டிப் போட்டால் முடிந்தது. களைப்புக்கு நல்லது. ஆனால் வெல்லம் ரத்தம் ஊறவைக்கும் என்ற நம்பிக்கையில் மூன்று டம்ளர் குடிக்காதீர்கள். ஒரு டம்ளர் பானகத்தில் போடும் இருபது கிராம் வெல்லத்தில் கிடைக்கும் இரும்பு ஒரு மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும். மீதி எல்லாம் சர்க்கரை. கருப்பட்டி போட்டாலும் சர்க்கரை சர்க்கரைதான். கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள் பானகம், பேரீச்சம்பழப் பானம், பழச்சாறு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நெல்லிக்காய்ச் சாறும் கீரை சூப்பும் போதும் என்று இருக்கலாம். குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையின் முடிவு தெரியாமல் இனிப்புப் பானங்களைப் பழக்கமாக்க வேண்டாம்.

பேரீச்சம்பழம் நாலும் கறுப்பு உலர்திராட்சை ஒரு கைப்பிடியும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு அரைத்துக் குடிப்பது பலருக்குப் பிடிக்கும். எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுக் குடியுங்கள். பாலில் அடித்து மில்க்ஷேக் ஆக்கினால் இரும்புக்கு லாபம் குறைவு. அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலும் பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து டானிக்கும் இருக்கும். டானிக்கையும் மாத்திரையையும் எப்படிச் சேர்த்து எடுப்பது என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அளவை நாமே கூட்டக் கூடாது.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு: சுவரொட்டி

மதுரை ஆட்டுக்கறிக் கடையில் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டிய பொருள் இது. சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் பிந்திப் போனால் கிடைக்காது. ரத்தம் ஊற சுவரொட்டி சாப்பிடு என்று நம் பக்கம் சொல்வது முழுக்க உண்மை. நூறு கிராமில் சுமார் 40 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பைவிட அசைவத்தில் உள்ள இந்த வகை இரும்பு உடம்பில் பல மடங்கு எளிதாகச் சேரும்.

சூப் வைக்க, மேல் தோலை உரித்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், மிளகு, சின்ன வெங்காயத்தோடு குக்கரில் நன்றாக வேகவையுங்கள். உள்ளே சிவப்பு தெரியாத அளவு வேக வேண்டும். அரைவேக்காடு கர்ப்பத்தில் ஆகவே ஆகாது. துண்டுகளையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். வாரம் ஒரு நாள் போதும்.

ஈரலிலும் இரும்பு நிறைய உண்டு. ஆனால் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், அளவு மீறினால் கருவைப் பாதிக்கும். அதிலும் முதல் மூன்று மாதம் தவிர்த்துவிடுங்கள். எலும்பு சூப், ஆட்டுக்கால் சூப் தெம்பாக இருக்கும், வாய்க்கும் ருசி. இரும்பு என்று பார்த்தால் அதில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

பெயர் பெரிது, இரும்பு சிறிது

பீட்ரூட்டில் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. நிறம் சிவப்பு என்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பிவிட்டோம். பீட்ரூட்டில் ஃபோலேட் இருக்கிறது, மாதுளை வாய்க்கசப்புக்கு நல்லது, பிடித்தால் சாப்பிடுங்கள். இவற்றை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். பீட்ரூட் குடித்த மறுநாள் சிறுநீர் சிவந்து போனால் பதற வேண்டாம், அந்தச் சாயம்தான்.

இளநீர், நுங்கு, நன்னாரி சர்பத், நீர்மோர் எல்லாம் வெயிலுக்குக் குடிப்பவை. ரத்தத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் குறைவு. ஜிகர்தண்டா ஆசைக்கு ஒரு நாள், சுத்தமான கடையில். ஐஸ் எந்தத் தண்ணீரில் போட்டது என்று தெரியாத இடத்தில் எதையும் குடிக்காதீர்கள்.

பருத்திப்பால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரையில் சாயங்காலமானால் தள்ளுவண்டியில் வந்து நிற்கும், நெஞ்சுச் சளிக்கும் உடம்புக்கும் நல்லது என்று பெரியவர்கள் வாங்கித் தருவார்கள். பருத்திவிதையில் காசிப்பால் என்ற பொருள் இருக்கிறது, இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடியது என்று அறியப்பட்டது. காய்ச்சும்போது அதன் வீரியம் குறையும் என்றாலும், கர்ப்பிணிக்கு எவ்வளவு வரை பாதுகாப்பு என்று யாரும் உறுதி சொல்லாத ஒன்றை ரத்தம் ஊற என்று தினம் குடிப்பது தேவையற்றது. பிரசவம் முடியும் வரை தள்ளி வைப்பதே நல்லது. கற்றாழைச் சாறும் பப்பாளிக்காயும் அறவே வேண்டாம். விளம்பரம் பார்த்து மூலிகைச் சாறு எதையும் வாங்கிக் குடிக்க வேண்டாம்.

ஒரு நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம்

எழுந்ததும் தண்ணீர். ஏழரை எட்டு மணிக்குக் கம்பங்கூழ் அல்லது கஞ்சி, எலுமிச்சையோடு. டீ வேண்டுமென்றால் பத்து மணிக்கு. பதினொன்றரைக்குக் கொய்யா. மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் கீரை சூப். நாலு மணிக்குக் கொள்ளு ரசமோ ஊறிய பேரீச்சையோ. பால் குடிப்பதாக இருந்தால் ஆறு மணிக்கு முடித்துவிடுங்கள். இரவு சாப்பிட்டு முடித்து, இரும்பு மாத்திரையை நெல்லிக்காய்ச் சாறோடு போட்டுவிட்டுப் படுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது, தேவையும் இல்லை. வேலைக்குப் போகும் பெண்கள் கூழையும் மாத்திரை நேரத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டாலே பெரிய விஷயம்.

வாந்தி அதிகமுள்ள முதல் மூன்று மாதத்தில் எதையும் திணிக்காதீர்கள். எலுமிச்சைச் சாறும் மெலிதான கஞ்சியும் வயிற்றில் நின்றால் போதும். அந்த மாதங்களில் மருத்துவர் தரும் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விட்டுவிடக் கூடாது.

எப்போது பானத்தை விட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்

மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் சுமார் ஒரு கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். வயலிலும் தோட்டத்திலும் செருப்பில்லாமல் வேலை செய்பவர்களுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம், அது குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும். அதற்காகத்தான் மூன்றாம் மாதம் தாண்டியபின் சுகாதார நிலையத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவு இருக்கலாம், அதை இரும்பு ஈடுகட்டாது. தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் கோளாறு இருந்தாலும் எண் ஏறாது, அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு.

எண் 7-க்குக் கீழே என்றாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, கால் முகம் வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எட்டாம் மாதம் தாண்டியும் ரத்தம் குறைவாக இருந்தால் நரம்பு வழியாக இரும்பு ஊசி ஏற்றுவார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனை வரை போய்ப் படுக்க வேண்டியிருந்தாலும் தயங்காதீர்கள். ரத்தம் குறைந்த உடம்போடு பிரசவ அறைக்குள் போவதுதான் ஆபத்து. சாதாரண ரத்தப்போக்கைக்கூட அந்த உடம்பு தாங்காது.

பிரசவம் முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது நம் வழக்கம். இன்னும் 180 நாள் தொடர வேண்டும் என்பதுதான் அரசின் நெறிமுறை. பத்தியம் என்று சொல்லிக் கீரையையும் பழத்தையும் மாதக்கணக்கில் நிறுத்தி, பூண்டுக் குழம்பும் ரசமும் மட்டும் போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இழந்த ரத்தத்தை மீட்டுக்கொண்டு, பாலும் கொடுக்க வேண்டிய உடம்பு அது. பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லி, பூண்டு கூடப் போட்டு முருங்கைக்கீரை சூப்பையும், நெல்லிக்காயைப் பச்சையாகக் கொடுக்கத் தயங்கினால் துவையலாகவும், முதல் வாரத்திலிருந்தே தொடருங்கள்.